துண்டோடு துண்டைத் தொடுப்போம்

இடம்பெயரும்போது காணி, கிணறு, கால்நடை எல்லாவற்றையும் விட்டு வருகிறோம். கூட வருவது தொழில் அனுபவம். எழுதி வைக்காவிட்டால் அதுவும் மெல்ல மறந்துபோகும். எழுதினாலும், ஒரு குறிப்பை மற்றதோடு தொடுத்துப் பார்த்தால்தான் புதிய யோசனை பிறக்கும்.

ஜேர்மனியச் சமூகவியல் அறிஞர் நிக்லாஸ் லூமன் (1927–1998) ஏறத்தாழ 90,000 காகிதத் துண்டுகளில் குறிப்பெழுதி, இலக்கமிட்டு, பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். ஒரு துண்டில் அதனோடு தொடர்புள்ள மற்றத் துண்டின் இலக்கத்தையும் எழுதினார். இந்தத் தொடர்புகள் அவர் நூல்கள் எழுதப் பெரிதும் உதவின. இம்முறை தோட்டம் செய்வோருக்கும் பயன்படும்.

செய்யும் முறை

1. கொப்பித் தாளை நான்காக வெட்டுங்கள். ஒரு துண்டில் ஒரு விடயம் மட்டும் எழுதுங்கள். இடத்தையும் மாதத்தையும் குறியுங்கள்.

2. ஒவ்வொன்றுக்கும் இலக்கமிடுங்கள்.

3. புதிய துண்டு எழுதியதும் பழையவற்றைப் புரட்டுங்கள். தொடர்பு தெரிந்தால் இரண்டிலும் மற்றதன் இலக்கத்தை எழுதுங்கள்.

4. அதனால் பிறக்கும் யோசனையை வேறு துண்டில் எழுதுங்கள். 8ஆம் துண்டிலிருந்து பிறந்தால் அது 8அ.

ஓர் உதாரணம்

துண்டு 3: "ஊரில், பங்குனி. நாள் முழுக்க இயந்திரம் போட்டு இறைத்தோம். தண்ணீர் சவராகியது."

துண்டு 8: "இங்கே, சித்திரை. போஞ்சி இலையின் ஓரம் கருகுகிறது. 3ஐப் பார்க்க."

துண்டு 8அ: "இங்கும் சவர்தானோ? காலையில் பாதி, மாலையில் பாதி இறைத்துப் பார்ப்போம். ஒரு பாத்தியில் பீற்றூட் நடுவோம்."

வலிகாமம் போன்ற சுண்ணக்கல் நிலத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலெழும். போஞ்சி உவரைத் தாங்காது. பீற்றூட் ஓரளவு தாங்கும். ஆனால் இலை கருகுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆகவே யோசனையை முதலில் ஒரு பாத்தியில் பரீட்சித்துப் பாருங்கள். பலித்தாலும் பிழைத்தாலும் முடிவை 8ஆ என எழுதுங்கள்.

எழுதச் சிரமப்படும் பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதலாம். துண்டுகளைத் தண்ணீர் புகாத பையில் கட்டி வையுங்கள். மீண்டும் புறப்பட நேர்ந்தாலும் கையோடு கொண்டுபோகலாம்.

கலந்துரையாட: ஊரில் நீங்கள் கண்ட எந்த அனுபவம் இன்றைய தோட்டத்துக்கு உதவும்? இன்றிரவே அதை முதலாவது துண்டில் எழுதுங்கள்.