வேலித் தூணுக்கு ட்ரக்டர்: கூலி பேசுமுன் நிலத்தைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பின்னர் தமது காணிகளுக்குத் திரும்பிய நம்மவர்களுக்கு வேலி தவிர்க்க முடியாத ஒரு செலவாகும். பூவரசும் கிளுவையும் கதியாலாக நட்டு ஓலை கட்டிய வேலிகள் இருந்த பல இடங்களில் இன்று சீமெந்துத் தூணும் முட்கம்பியும் வந்துவிட்டன. ட்ரக்டர் வைத்திருக்கும் சகோதரர்கள், அதன் பின்னால் குழி துளைக்கும் கருவியைப் பூட்டி இதையே ஒரு தொழிலாகச் செய்யலாமா எனக் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் குடாநாடு முழுவதற்கும் தூணுக்கு இவ்வளவு என ஒரே விலை சொல்பவர் நட்டப்படுவார் என்பதே எனது அபிப்பிராயம்.

கருவி எளிமையானது. எஞ்ஜினின் சுழற்சியை பீ.டி.ஓ. தண்டு வழியாகப் பெறும் திருகு அலகு, மண்ணைத் துளைத்து மேலே தள்ளும். 4 அங்குலத் தூணுக்கு 9 அங்குல அலகு போதும். 7 அடித் தூணென்றால் 2 அடி ஆழம் வேண்டும்.

சிக்கல் நிலத்தில்தான் இருக்கிறது. வலிகாமத்துச் செம்மண் மேலே பார்க்க அருமையாக இருக்கும், அடியில் சுண்ணாம்புக்கல். சில இடங்களில் ஓரடிக்குள்ளேயே அலகு கல்லில் முட்டும். அவ்வேளை எஞ்ஜினைக் கூட்டி அமுக்கினால் தண்டைக் காப்பதற்கென்றே பூட்டியிருக்கும் ஆணி முறியும். ஆணிக்குப் பதிலாகக் கெட்டியான போல்ட்டைப் போட்டவருக்கு கியர்ப் பெட்டியே போய்விடும். வடமராட்சி கிழக்கின் மணலில் கல் இல்லை, ஆனால் காய்ந்த மணல் குழிக்குள் சரிந்து விழும். மாரி மழை ஓய்ந்து ஈரம் நிற்கும் தை, மாசி மாதங்களே அங்கு வசதி. ஆகவே விலை சொல்லுமுன் காணியின் நான்கு மூலையிலும் அலவாங்கால் குத்திப் பாருங்கள். மண் குழிக்கு ஒரு விலை, கல் குழிக்கு வேறு விலை என முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு. சதுரமான 4 பரப்புக் காணியின் சுற்றளவு ஏறத்தாழ 417 அடி. 8 அடிக்கு ஒன்றாக 52 தூண். 16 பரப்புக்கோ 104 தூண்தான். காணி நான்கு மடங்கு, வேலை இரண்டே மடங்கு! பரப்புக் கணக்கில் கூலி பேசினால் சிறிய காணியில் உங்கள் கை கடிக்கும். ட்ரக்டரைக் கொண்டுபோய் வரும் டீசல் செலவு இரண்டுக்கும் ஒன்றே. ஒழுங்கை ஒடுக்கமாகி ட்ரக்டர் திரும்ப இடமில்லாத இரண்டு பரப்பு வளவுகளை அலவாங்குக்காரருக்கே விட்டுவிடுவது நல்லது.

எல்லைக்கல்லை நில அளவைப் படத்துடன் ஒப்பிட்டு, அயலவரையும் அழைத்துக் காட்டிய பின்னரே கயிறு பிடியுங்கள். கதியாலைப் பிடுங்கிய பின் எல்லை எதுவென்ற வழக்கு வந்தால் கூலி நிலுவையில் நின்றுவிடும். முகமாலை, கிளாலி, நாகர்கோவில் போன்ற பழைய போர்முனைப் பகுதிகளில், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணிதானா என்பதைக் கிராம சேவையாளரிடம் உறுதிப்படுத்தாமல் அலகை இறக்கவே கூடாது.

பீ.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 தடவை, அதாவது செக்கனுக்கு 9 தடவை சுழல்வது. சாரத்தின் ஒரு நுனி அகப்பட்டால் ஆளையே இழுத்துவிடும். தண்டின் மூடியைக் கழற்றி வைக்காதீர்கள். சாரத்துடனோ சால்வையுடனோ எவரையும் அருகில் விடாதீர்கள். அலகில் வேர் சுற்றினால், எஞ்ஜினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் தொட வேண்டும்.