நஞ்சில்லா விளையாட்டுப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகள்

விதை வாங்கும்போது நாம் எத்தனையோ விவரங்களைக் கேட்டறிகிறோம். எந்த ஆராய்ச்சி நிலையத்து இரகம், முளைப்புத்திறன் என்ன, மூட்டையில் நீல நிறச் சான்றட்டை உள்ளதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்கிறோம். ஆனால் வீட்டில் தவழும் குழந்தைக்கு விளையாட்டுப் பொருள் வாங்கும்போது இத்தகைய கேள்வி எதையும் கேட்பதில்லை. நிலத்தில் முளைக்காத விதையை அடுத்த பட்டத்தில் ஈடுசெய்துகொள்ளலாம். குழந்தையின் உடலில் சேரும் நஞ்சை அவ்வாறு ஈடுசெய்ய இயலாது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து உழவர் இல்லங்களை மனத்தில் கொண்டு, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

குழந்தைகளுக்கு ஏன் அதிகக் கவனம் தேவை?

ஒன்று முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தை, கையில் கிடைக்கும் எதையும் வாயில் வைத்தே அறிந்துகொள்கிறது. அதன் எடை குறைவு. ஆகவே பெரியவருக்குத் தீங்கு செய்யாத சிறு அளவு நஞ்சும் குழந்தையைப் பாதிக்கும். சான்றாக, வாய்வழி உட்செல்லும் ஈயத்தைக் குழந்தையின் உடல், பெரியவரின் உடலைக் காட்டிலும் 4 முதல் 5 மடங்கு வரை உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஈயம் மூளை வளர்ச்சியையும் கற்கும் திறனையும் குறைக்கும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு ஈயத்திற்கு இல்லை.

விளையாட்டுப் பொருளாக மாறும் பண்ணைப் பொருள்கள்

உழவர் வீட்டில் முதல் ஆபத்து கடையிலிருந்து வருவதில்லை, கொட்டகையிலிருந்தே வருகிறது. காலியான பூச்சிமருந்துப் புட்டி, அதன் மூடி, அளவுக் குவளை ஆகியவை குழந்தையின் கண்ணுக்குச் சொப்புச் சாமான்களாகத் தெரிகின்றன. பழுதடைந்த தெளிப்பானின் குழலும் கைப்பிடியும் தண்ணீர்த் துப்பாக்கியாக மாறுகின்றன. இவற்றை எத்தனை முறை கழுவினாலும் விளையாடக் கொடுக்கக் கூடாது. நெகிழிப் புட்டியின் உட்சுவரிலும் மூடியின் மரையிலும் மருந்து தங்கியிருக்கும்.

2013-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில், பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது தடயவியல் ஆய்வில் தெரியவந்தது. பூச்சிமருந்தும் குழந்தைகளின் பொருளும் ஒன்றையொன்று நெருங்கவே கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1. மருந்து தீர்ந்தவுடன் புட்டியை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயன்படுத்தவும்.

2. பிறகு புட்டியைத் துளையிட்டு அல்லது உடைத்து, குடியிருப்புக்கும் நீர்நிலைக்கும் தொலைவில் புதைக்கவும். 1971-ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளும் காலிக் கலன்களை உடைத்துப் புதைக்க வேண்டும் என்றே கூறுகின்றன.

3. சிட்டையில் சிவப்பு அல்லது மஞ்சள் முக்கோணம் இருந்தால் நஞ்சு மிகக் கடுமையானது. நீலம், பச்சை முக்கோணம் என்பதற்காகக் கவனத்தைத் தளர்த்த வேண்டாம்.

4. மின்கலத்தால் இயங்கும் தெளிப்பான், டிராக்டர் ஆகியவற்றின் பழைய பேட்டரிகளில் ஈயத் தகடுகள் உண்டு. மீன் தூண்டிலில் கட்டும் குண்டும் பெரும்பாலும் ஈயமே. இவற்றைக் குழந்தை எடுக்கும் இடத்தில் வைக்க வேண்டாம்.

5. விதைநேர்த்தி செய்த நிலக்கடலை விதை சாயம் ஏறிக் கவர்ச்சியாக இருக்கும். விதைத்தது போக மீந்ததைத் திண்ணையில் வைக்காமல் பூட்டி வைக்கவும். டிரைக்கோடெர்மா விரிடி கிலோவுக்கு 4 கிராம் வீதம் கலந்து நேர்த்தி செய்தால் இரசாயனப் பூஞ்சாணக் கொல்லியைத் தவிர்க்கலாம். எனினும் நேர்த்தி செய்த விதை எதுவும் விளையாட்டுக்கு உதவாது.

இயற்கைப் பொருள் எல்லாம் பாதுகாப்பானதா?

இன்று "இயற்கை" என்ற சொல்லைக் கேட்டாலே நல்லது என்று எண்ணிவிடுகிறோம். நம் வேலியிலும் வரப்பிலும் காய்க்கும் சில விதைகள், கடையில் கிடைக்கும் சாயத்தைவிடக் கொடியவை.

குன்றிமணி: சிவப்பும் கறுப்புமான இவ்விதையைப் பல்லாங்குழியிலும் மணிமாலையிலும் பயன்படுத்துவர். இதில் அப்ரின் என்ற கடும் நஞ்சு உள்ளது. தோல் உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, மாலைக்காகத் துளையிட்டதை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. 

ஆமணக்கு: இதன் விதையில் உள்ள ரிசின் என்ற நஞ்சும் அத்தகையதே. களத்தில் காயும் ஆமணக்கு விதையைக் குழந்தைகள் அள்ளி விளையாட விட வேண்டாம்.

காட்டாமணக்கு: வேலியில் வளரும் இதன் விதை கடலைபோல் சுவைப்பதால் பள்ளிப் பிள்ளைகள் உடைத்துத் தின்று, வாந்தியும் பேதியும் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுவது அடிக்கடி நிகழ்கிறது.

மஞ்சள் அரளி: இதன் கொட்டையைப் பம்பரம்போல் வைத்து விளையாடுவர். இது இதயத் துடிப்பைத் தாக்கும் நஞ்சு.

பல்லாங்குழி விளையாட்டுக்குப் புளியங்கொட்டையோ சோழியோ போதும். அவற்றையும் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கே தரவும்.

நஞ்சில்லாத நிலக்கடலைக்கும் ஓர் ஆபத்து உண்டு. டி.எம்.வி. இரகங்களைத் தந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள திண்டிவனம் பகுதியில் கடலை காயாத முற்றம் குறைவு. நம் நாட்டில் குழந்தைகளின் மூச்சுக்குழலில் சிக்கும் பொருள்களில் கடலைப் பருப்பே முதன்மையானது. சிக்கிய பருப்பு ஈரத்தில் ஊதும். அதன் எண்ணெய் மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். கடலை உடைக்கும் காலத்தில் தவழும் குழந்தையைக் களத்தில் தனியே விட வேண்டாம். நான்கு வயது வரை முழுப் பருப்பைத் தின்னவும் விளையாடவும் கொடுக்காதீர்கள்.

கடையில் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மேல்மலையனூர் மாசித் திருவிழாவிலும் மயிலம் பங்குனி உத்திரத்திலும் பொம்மைக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கு வாங்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை: 14 வயதுக்கு உட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களில் இம்முத்திரை இருக்க வேண்டும் என்ற மத்திய அரசின் ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முத்திரையுடன் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கைப்பேசியில் பி.ஐ.எஸ். கேர் செயலி மூலம் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொருள்களுக்கு இவ்வாணையிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே கைவினைப் பொருளை வாங்கும்போது என்ன மரம், என்ன வண்ணம் என்று செய்தவரையே கேட்டறிவது நலம்.

2. வண்ணம்: பளிச்சிடும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வண்ணங்களில் ஈயக் குரோமேட் கலப்பது நெடுங்கால வழக்கம். பெயர் பெற்ற நிறுவனமும் இதில் தவறக்கூடும். 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம், வண்ணத்தில் ஈயம் இருந்ததால் சீனாவில் செய்யப்பட்ட இலட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. ஈரமான வெள்ளைத் துணியால் பொம்மையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வாங்க வேண்டாம். சாயம் ஒட்டாததால் மட்டும் ஈயம் இல்லை என்று முடிவு செய்துவிடவும் கூடாது. ஈயத்தைக் கண்ணாலும் மூக்காலும் அறிய முடியாது. வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு வண்ணம் பூசாத பொருளே சிறந்தது.

3. நெகிழி: மிகவும் மென்மையாகவும், பிசுபிசுப்பாகவும், கடும் வாடையுடனும் உள்ள பி.வி.சி. பொம்மைகளைத் தவிர்க்கவும். அவற்றை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் பொருள்கள் கடிக்கும்போது உமிழ்நீரில் கசியும்.

4. சிறு பாகங்கள்: 10 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் உள்ள அட்டையை எடுத்து, 10 செ.மீ. பக்கம் வட்டமாகுமாறு சுருட்டி, விளிம்புகள் ஒன்றையொன்று தொடும்படி ஒட்டவும். சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய் கிடைக்கும். எந்தப் பொருள் இக்குழாய்க்குள் முழுவதும் அடங்குகிறதோ, அதை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தரக் கூடாது.

5. பொத்தான் மின்கலமும் காந்தமும்: ஒளிரும் பொம்மையில் உள்ள வட்டமான சிறு மின்கலம் உணவுக்குழலில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் புண்ணாக்கிவிடும். மின்கல அறையின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு சிறு காந்தங்களை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைக்கும்.

6. கயிறு: தொட்டிலில் கட்டும் பொம்மையின் கயிறு ஒரு சாணுக்கு மேல் தொங்கக் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

நம் ஊரிலேயே கிடைக்கும் நல்ல பொருள்கள்

பனை: பனைக்குப் பெயர் பெற்றது விழுப்புரம் மாவட்டம். சித்திரை, வைகாசியில் நுங்கு தின்றபின் எஞ்சும் இரண்டு கூந்தல்களையும் ஒரு கவைக்கோலையும் கொண்டு வண்டி செய்யலாம், செலவு ஏதுமில்லை. குருத்தோலையில் காற்றாடி, கிளி, கிலுகிலுப்பை பின்னலாம். மட்டையின் கருக்கை முழுவதும் சீவிவிட வேண்டும். ஓலையை நிழலில் உலர்த்திப் பின்னினால் பூஞ்சாணம் பிடிக்காது. கிலுகிலுப்பையின் பின்னல் தளர்ந்து உள்ளிருக்கும் கல் தெரிந்தால் உடனே எருக்குழியில் இடவும். நுங்கு வண்டியும் ஓலைப் பொம்மையும் எருவாக மாறும். நெகிழிப் பொம்மை மண்ணில் அப்படியே கிடக்கும்.

மண்: வண்ணமும் மெருகும் பூசாத சுட்ட மண் சொப்பு நல்லது. விழுப்புரத்தை ஒட்டிய புதுச்சேரிப் பகுதியில் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. வண்ணம் தீட்டிய கொலுப் பொம்மை காட்சிக்கு உரியது. குழந்தை கடித்து விளையாட உரியது அன்று.

மரம்: கர்நாடகத்தின் சன்னபட்டணம் பொம்மைகள் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கு ஏற்றிச் செய்யப்படுபவை. இம்மரம் நம் வறண்ட நிலங்களிலும் வளரக்கூடியது. உள்ளூர்த் தச்சரிடம் நடைவண்டி செய்யச் சொல்லும்போது இழைப்பு முழுமையாக இருக்கட்டும். ஆணித் தலை வெளியே தெரியக் கூடாது. கலப்பைக்கும் டிராக்டருக்கும் பூசி மீந்த வண்ணத்தை நடைவண்டிக்குப் பூச வேண்டாம். வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தொழில்துறை வண்ணங்களை இவ்விதி கட்டுப்படுத்தாது.

துணி: பழைய பருத்திப் புடவையில் பொம்மை தைத்து, உள்ளே துணித் துண்டுகளைத் திணிக்கலாம். கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் நூலால் தைக்கவும். உரம், மருந்து வந்த சாக்குகளை எந்த வகையிலும் பயன்படுத்த வேண்டாம்.

இலை: பூவரசு இலைப் பீப்பியும் தென்னோலை ஊதலும் வாயில் வைத்து ஊதுபவை. மருந்து தெளித்த வயலை ஒட்டிய மரத்திலிருந்து இலை பறிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கவும்.

வயதுக்கேற்ற பொருள்கள்

ஒரு வயது வரை: துணிப் பொம்மை, வண்ணமற்ற பெரிய மர வளையம்.

1 முதல் 3 வயது வரை: நடைவண்டி, துணிப் பந்து, இழைத்த கொட்டாங்குச்சி. நடைவண்டியைக் கிணறு, படிக்கட்டு அருகில் விட வேண்டாம்.

3 முதல் 6 வயது வரை: மண் சொப்பு, நுங்கு வண்டி, ஓலைக் காற்றாடி.

6 வயதுக்கு மேல்: பல்லாங்குழி, பம்பரம், பீப்பி.

விபத்து நேர்ந்தால்

மருந்தோ நச்சு விதையோ வாயில் பட்டதாக ஐயம் எழுந்தால், அறிகுறி தோன்றும் வரை காத்திருக்க வேண்டாம். வாயில் இருப்பதைத் துடைத்தெடுத்து, உடனே 108 ஆம்புலன்சை அழைக்கவும். உப்புநீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. மருந்துப் புட்டியின் சிட்டையையோ, தின்ற விதையில் மீந்ததையோ மருத்துவரிடம் எடுத்துச் செல்லவும். சிகிச்சையை விரைந்து முடிவு செய்ய அது உதவும். தொண்டையில் பொருள் சிக்கினால் கண்ணுக்குத் தெரியாததை விரலால் தோண்ட வேண்டாம். அது மேலும் உள்ளே போய்விடும். கடலை தின்னும்போது புரையேறிய குழந்தைக்குப் பிறகு ஓயாத இருமலோ மூச்சில் சீழ்க்கை ஒலியோ இருந்தால், சளி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டவும்.

முடிவுரை

விளையாட்டுப் பொருளைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதும். இது எதனால் ஆனது? இதற்கு முன் இதில் என்ன இருந்தது? இது குழந்தையின் வாய்க்குள் அடங்குமா? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்த பின்னரே பொருளைக் குழந்தையின் கையில் கொடுக்க வேண்டும். கட்டுரையைப் படித்து முடித்ததும் கொட்டகைக்கும் திண்ணைக்கும் ஒரு முறை சென்று, காலிப் புட்டிகளையும் நேர்த்தி செய்த விதைகளையும் அப்புறப்படுத்துமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு ஒரு மணி நேரம் போதும். செலவு ஏதும் இல்லை.