முன்பணமும் முன்னேற்றமும்

"வறுமைக்குக் காரணம் யாது?" என்ற வினாவிற்கு "வேலையின்மை" என்று முதல் விடை எழுதுவது நம் வழக்கம். வேலை கிடைத்தால் வருவாய், வருவாயால் சேமிப்பு, சேமிப்பால் முன்னேற்றம் என்பது நாம் வகுப்பில் கற்ற வரிசை. ஆனால், விடியுமுன் எழுந்து இருட்டும்வரை உழைத்தும் ஒருபடி மேலேறாதவர் உளர். ஊர்விட்டு ஊர் சென்று கரும்பு வெட்டும் தொழிலாளர் அத்தகையோர். என் பெற்றோரும் இத்தொழில் செய்தவர்களே. மேற்கண்ட வரிசை எந்த இடத்தில் அறுகிறது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்பணம்

ஆடி, ஆவணி மாதங்களில் எங்கள் மானாவாரிப் பகுதியில் வேலை இராது. நோய், பள்ளிச் செலவு, காதுகுத்து என்று கைமாற்று ஏறும். அவ்வேளையில் மேஸ்திரி வருவார். கணவன் மனைவியை ஒரு ஜோடியாகக் கணக்கிட்டு முன்பணம் தருவார். மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டச் செல்லும் ஜோடியைக் 'கொய்த்தா' என்பர். வெட்டும் கத்திக்கும் அதுவே பெயர்.

கூலி டன் கணக்கில் பேசப்படும். வெட்டுதல், தோகை கழித்தல், கட்டுக் கட்டுதல், லாரியில் ஏற்றுதல் யாவும் அதில் அடக்கம். பசி மிகுந்த மாதத்தில் கூலி பேசப்படுவதால் பேரம் பேசும் வலிமை தொழிலாளிக்கு இல்லை.

ஒரு கணக்கு

எளிமைக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். முன்பணம் ரூ. 40,000. ஒரு ஜோடியின் ஒரு நாள் கூலி ரூ. 900. பருவம் 120 நாட்கள். உணவிற்கு வாரப்படி ரூ. 3,000 வீதம் 17 வாரங்களுக்கு ரூ. 51,000.

நூற்றிருபது நாளும் வேலை நடந்தால் கூலி ரூ. 1,08,000. வாரப்படியும் முன்பணமும் போக ரூ. 17,000 கையில் நிற்கும். ஆனால் வெட்டு உத்தரவு தாமதம், லாரி வராமை, மழை, காய்ச்சல் ஆகியவற்றால் 30 நாட்கள் வீணானால் கூலி ரூ. 81,000 மட்டுமே. அப்போது ரூ. 10,000 கடன் நிற்கும். அக்கடனுக்காக அடுத்த ஆண்டும் அதே மேஸ்திரியிடமே செல்லவேண்டும்.

மேஸ்திரி ஏமாற்றுகிறார் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். கல்லூரியில் சேர்ந்தபின் அவருடைய நோட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை. காத்திருந்த நாட்களுக்கு மட்டும் அதில் இடமே இல்லை. தாமதம் ஆலையுடையதாயினும், லாரியுடையதாயினும், அதன் நட்டம் தொழிலாளியின் பெயரிலேயே எழுதப்படுகிறது. அப்படியொரு பருவத்தில்தான், கைக்குழந்தையாயிருந்த என் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஏழாம் வகுப்போடு என் அக்காள் பள்ளியை விட்டாள். பாட்டியிடம் விடப்பட்டதால் நான் படித்தேன்.

சட்டம்

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டது. முன்பணத்திற்காக ஒருவர் வேறு வேலைக்குச் செல்லும் உரிமையை இழந்தால் அது கொத்தடிமையே; அக்கடனும் செல்லாது என்கிறது அச்சட்டம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று 1982-இல் உச்ச நீதிமன்றம், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் கூறியது. புலம்பெயர் தொழிலாளருக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில எல்லையைத் தாண்டியவர்களுக்கே இயற்றப்பட்டது. மாவட்டம் விட்டு மாவட்டம் சென்றோர் அதில் அடங்கவில்லை.

செய்யத்தக்கவை

முதலாவது, காத்திருக்கும் நாட்களுக்குப் படி வேண்டும். இரண்டாவது, மனைவியின் கூலி அவள் பெயரில் தனியே எழுதப்படவேண்டும். மூன்றாவது, பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்கப் பருவகால விடுதி வேண்டும். நான்காவது, ஆடி மாதத்தில் மேஸ்திரியல்லாத ஒருவரிடம் கடன் கிடைக்கவேண்டும். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதற்கு வழி காட்டியுள்ளன. ஆயினும் ஆண்டில் நான்கு மாதம் ஊரில் இல்லாத பெண், வாரக் கூட்டத்திற்கு எப்படி வருவாள்? பருவத்திற்கேற்பத் தவணையை மாற்றினாலன்றி அவளுக்குப் பயனில்லை.

உழைப்பால் உயரலாம் என்பது உண்மையே. உழைக்கக் காத்திருந்த நாளையும் கணக்கில் சேர்த்தால்தான் அது கரும்புக் காட்டிலும் உண்மையாகும். நம் வகுப்பில் பருவத்தின் நடுவே நின்றுவிட்ட நண்பர் எவரேனும் இருப்பின், அவர் சோம்பல்பட்டு நின்றார் எனக் கருதுமுன், அவர் வீட்டு நோட்டை ஒருமுறை கூட்டிப் பார்ப்போமாக.