எட்டு மணி நேரத் தேர்வு

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2024-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் 'சான் ஃபெர்னாண்டோ' என்ற முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்ததிலிருந்து, இவ்வூரில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "பையன் டிப்ளமோதான் படித்திருக்கிறான், நெட்வொர்க் பக்கம் போனால் மேலே வர முடியுமா சார்?" துறைமுகத்தில் கன்டெய்னர்களை அடுக்கும் யார்டு கிரேன்களைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடியே இயக்குகிறார்கள். அறைக்கும் கிரேனுக்கும் நடுவே செய்தி கொண்டு போவது நெட்வொர்க். கண்ணெதிரே இதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஆசை வருவது இயல்பே.

நானும் டிப்ளமோக்காரன்தான். ரயில்வே சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பட்டம் இல்லாதவன் எந்த வரிசையில் நிறுத்தப்படுவான் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆகவே பட்டம் கேட்காத ஒரு பெரிய தேர்வைப் பற்றி நம் அன்பர்களுக்கு விளக்கலாம் என்று எண்ணுகிறேன்.

அதன் பெயர் சி.சி.ஐ.இ. நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் 1993-இல் தொடங்கிய நிபுணர் சான்றிதழ் இது. தேறியவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த வரிசை 1024-இல் தொடங்குகிறது. அந்த முதல் எண்ணை மனிதர் எவருக்கும் கொடுக்காமல் சோதனைக்கூடத்துக்கே சூட்டிவிட்டார்கள். தேர்வை உருவாக்கிய ஸ்டூவர்ட் பிக்ஸ் 1025; நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வந்து முதலில் தேறிய டெர்ரி ஸ்லாட்டரி 1026. இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024 வரும் என்பதைப் பிள்ளைகள் கவனிக்கவும். கணிப்பொறிக்காரர்களின் குறும்பு அது.

தேர்வு இரண்டு கட்டம். முதலாவது இரண்டு மணி நேரத்துக் கேள்வித்தாள். அதில் தேறியபின் மூன்று ஆண்டுகளுக்குள் சோதனைக்கூடத் தேர்வு. இது 2001 வரை இரண்டு நாள் நடந்தது; பிறகு ஒரே நாள், எட்டு மணி நேரம் ஆயிற்று. 2020-இல் மாற்றி அமைத்தபின் முதல் மூன்று மணி வடிவமைப்புக்கு, அடுத்த ஐந்து மணி கருவிகளை அமைத்துக் கோளாறு நீக்குவதற்கு. வடிவமைப்புப் பகுதியில் விடை கொடுத்துவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. இந்தியாவில் இதை எழுத பெங்களூர் போக வேண்டும். கட்டணம் ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது நகையை எடுத்து யோசிக்க வைக்கும் தொகை.

என் தங்கை மகன், பாலிடெக்னிக் படித்தவன், 2023-இல் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறிப் போய் எழுதினான், தவறினான். 2024-இல் மறுபடி எழுதித் தேறினான். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதே இக்கட்டுரையின் விஷயம். முதல் முறை அவனுக்குக் கட்டளைகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரே கோளாறில் ஐம்பது நிமிடம் சிக்கிக்கொண்டு, இதை மாற்றி அதை மாற்றி, எதை மாற்றினோம் என்பதையே மறந்துவிட்டான்.

அடிப்படையிலிருந்து வருவோம். ஒரு பள்ளிக்கு 192.168.10.0 முதல் 192.168.10.255 வரை 256 முகவரிகள் தந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகத்துக்கு 100 கணிப்பொறி, அலுவலகத்துக்கு 50, நூலகத்துக்கு 20. இவை தவிர இரண்டு ரவுட்டர்களை இணைக்கும் ஒரு கம்பி. எப்படிப் பிரிப்பது? தொகுதிகள் 128, 64, 32, 16, 8, 4 என்ற அளவுகளில்தான் வெட்டப்படும். ஒவ்வொன்றிலும் முதல் எண் தொகுதியின் பெயருக்கும் கடைசி எண் பொது அறிவிப்புக்கும் போய்விடும். எனவே 128-இல் 126 மட்டுமே பயன்படும்.

பெரியதை முதலில் வெட்ட வேண்டும். ஆய்வகத்துக்கு 0 முதல் 127. அலுவலகத்துக்கு 128 முதல் 191. நூலகத்துக்கு 192 முதல் 223. ரவுட்டர் இணைப்புக்கு 224 முதல் 227. அதில் நடுவிலுள்ள இரண்டு எண்களும் இரு முனைகளுக்கு. மீதி 28 முகவரிகள் கையிருப்பு. சிறியதை முதலில் வெட்டினால் பெரிய தொகுதி உட்கார இடமில்லாமல் நடுவில் துண்டு துண்டாக வீணாகும். காகிதத்தில் பென்சிலால் நூறு கணக்காவது போட்ட பிள்ளைக்குத் தேர்வு அறையில் இது கால் நிமிட வேலை.

இனிக் கோளாறுக்கு வருவோம். அடுத்தடுத்த ரவுட்டர்கள் ஓ.எஸ்.பி.எஃப். என்ற முறையில் தங்களுக்குள் வழி விவரத்தைப் பரிமாறிக்கொள்கின்றன. இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே பிளாக் கருவியில் மணி அடித்துக் கேட்பதைப் போல, சாதாரண இணைப்பில் 10 நொடிக்கு ஒரு முறை 'ஹலோ' அனுப்பும். 40 நொடி பதில் இல்லையென்றால் அடுத்தவர் இல்லை என்று முடிவு கட்டும். இந்த நேர அளவுகளும் பகுதி எண்ணும் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் உறவு ஏற்படும்.

எல்லாம் ஒன்றாக இருக்கிறது, ஹலோவும் போய் வருகிறது, ஆனாலும் உறவு பாதியில் நிற்கிறது. தங்கை மகனை ஐம்பது நிமிடம் ஆட்டிவைத்தது இதுதான். காரணம் எம்.டி.யூ., அதாவது ஒரே மூட்டையில் போகக்கூடிய உச்ச அளவு. ஒரு பக்கம் 1500 பைட், மறு பக்கம் 1400 பைட் என்று அமைந்திருந்தது. ஹலோ சிறியது, தாராளமாகப் போகும். சோதித்துப் பார்க்க அனுப்பும் பிங்கும் சிறியது, அதுவும் போகும். ஆனால் வழி விவரத்தைப் பரிமாறத் தொடங்கும்போது ஒவ்வொரு ரவுட்டரும் தன் அளவைச் சொல்லும். 1400-காரர் 1500-காரரின் சீட்டை ஏற்க மறுப்பார். டிராலி போகிறதே என்று நம்பி, அளவுக்கு மீறிய சரக்கு வண்டியைச் சுரங்கத்துக்குள் விட முடியுமா? அதே கதைதான்.

சிக்னல் பிரிவில் நீண்ட சர்க்யூட் பழுதானால் ஒரு முனையிலிருந்து தேடிக்கொண்டு போக மாட்டோம். நடுவில் மீட்டரை வைப்போம். அங்கே மின்னழுத்தம் இருந்தால் பிழை அடுத்த பாதியில், இல்லையேல் முன் பாதியில். இப்படிப் பார்த்தால் எட்டு இடங்களில் ஒன்றில் ஒளிந்திருக்கும் பிழையை மூன்றே சோதனையில் பிடித்துவிடலாம். கண்டதையும் செய்ததையும் உடனுக்குடன் ஃபெயிலியர் ரிஜிஸ்டரில் எழுதுவோம். இரண்டாம் முறை அவன் செய்தது இவ்வளவே. ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் கண்டது, ஐயப்பட்டது, சோதித்தது, விளைவு என நான்கு கட்டம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அது பயன்படவில்லையானால் பழையபடி திருப்பி வைத்துவிட்டு அடுத்தது. பதினைந்து நிமிடத்தில் பிடிபடாததை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். வீட்டில் அவன் தம்பி வேண்டுமென்றே ஏதாவது ஒன்றைக் கெடுத்து வைப்பான், இவன் கண்டுபிடிப்பான். கெடுப்பதில் தம்பி தேர்ந்துவிட்டதைப் பார்த்தால் அடுத்த சான்றிதழ் அவனுக்குத்தான் என்று தோன்றுகிறது.

இதற்கு விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. பாக்கெட் டிரேசர், ஜி.என்.எஸ்.3 ஆகியவை கணிப்பொறிக்குள்ளேயே ரவுட்டர்களை அமைத்துப் பழக உதவும். கம்பியில் போகும் செய்தியை வயர்ஷார்க் காட்டும். இவை இலவசம்.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. திருடிய கேள்வி விடைகளை 'டம்ப்' என்ற பெயரில் சிலர் விற்கிறார்கள். பிடிபட்டால் விதிகளின்படி சான்றிதழே பறிபோகும். பிடிபடாவிட்டாலும், நேர்முகத்தில் ஒரு ரவுட்டரை முன்னால் வைத்தால் கதை வெளிப்பட்டுவிடும். பணத்தைக் கொட்டி மூன்றே மாதத்தில் நிபுணர் ஆக்கித் தருவதாகச் சொல்லும் பயிற்சி நிலையங்களையும் நான் நம்புவதில்லை.

நேரே இந்த உச்சிக்குத் தாவவும் வேண்டாம். முதலில் சி.சி.என்.ஏ. என்ற தொடக்கத் தேர்வு. அதை வைத்தே வேலைக்கு முயலலாம். சம்பளம் வந்தபின் மேலே படிக்கலாம். சி.சி.ஐ.இ. முதல் கட்டக் கேள்வித்தாளில் தேறி, இன்னொரு சிறப்புப் பாடத்தையும் எழுதினால் சி.சி.என்.பி. என்ற நடுப்படி கிடைத்துவிடும். சோதனைக்கூடத்தில் ஒரு முறை தவறினாலும் கை வெறுமையாக இராது. தேறிய சான்றிதழையும் மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. 192.168.20.0 முதல் 256 முகவரிகள். நான்கு பிரிவுகளுக்கு 60, 60, 28, 12 கணிப்பொறிகள். அத்துடன் இரண்டு ரவுட்டர் இணைப்புகள். பென்சிலால் மட்டும் போடவும். சரியாகப் பிரித்திருந்தால் கடைசி இணைப்பின் தொகுதி 180-இல் தொடங்கும்.