பிள்ளையை ஒப்படைக்க: படிப்பா, பழக்கமா?



வேலைக்குப் போகும் தாய், பிள்ளையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. வீட்டில் ஆயா வைப்பவர்களும், மகளிர் குழுவாகச் சேர்ந்து பிள்ளைக் காப்பகம் நடத்துபவர்களும் கேட்கும் கேள்வி ஒன்றே: "சர்ட்டிபிகேட் உள்ளவங்களை வைக்கலாமா, நாலு பிள்ளை வளர்த்தவங்களை வைக்கலாமா?"

பழக்கம் தருவது என்ன?

பிள்ளை பசிக்கு அழுகிறதா, தூக்கத்துக்கு அழுகிறதா, வலிக்கு அழுகிறதா என்று அறிவது பழகியவர்க்கே எளிது. அடம்பிடிக்கும் பிள்ளைக்குப் பொறுமையாக ஊட்டி முடிப்பதும் அப்படியே. இதை எந்தப் பரீட்சையும் அளந்து காட்டாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

பழக்கம் எங்கே தவறும்?

பல வருஷமாகச் செய்வதெல்லாம் சரியாகிவிடாது. "பேதியாகுது, தண்ணி குடுக்காதே" என்பார்கள். பேதியில் பிள்ளையின் உயிரைப் பறிப்பது உடம்பில் நீர் வற்றிப்போவதுதான். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பார்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவார்கள். அது மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் கெடும். இவர்களுக்கு அன்பு குறைவு அல்ல, யாரும் சொல்லித்தரவில்லை.

பயிற்சி பெற்றவர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் சுத்தமான நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்; 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுவார். வலிப்பு வந்த பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்வார்.

தமிழ்நாடு கண்ட வழி

1980இல் உலக வங்கி உதவியுடன் நம் மாநிலத்தில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அதன் ஊட்டச்சத்துப் பணியாளர்களாக உள்ளூர்ப் பெண்களையே எடுத்தார்கள். ஏழையாக இருந்தும் தம் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்த்தவர்களை விரும்பித் தேடினார்கள். பிறகு பயிற்சி கொடுத்து, மாதந்தோறும் பிள்ளைகளை எடைபோட்டுக் குறிக்க வைத்தார்கள். பழகிய கையைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பயிற்சி தருவதே இதில் உள்ள பாடம்.

ஆள் வைக்குமுன் பார்க்க வேண்டியவை

1. "பிள்ளைக்குப் பேதியானா என்ன செய்வீங்க?", "எப்போ எனக்குச் சொல்லி அனுப்புவீங்க?" என்று கேளுங்கள்.

2. முன்பு வேலை பார்த்த வீட்டில் நேரில் விசாரியுங்கள்.

3. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், முதலில் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

4. இரண்டு மூன்று நாள் கூடவே இருந்து பாருங்கள். மலம் கழுவிய பின்பும், ஊட்டுவதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாரா?

5. "சின்னப் பொண்ணு, சம்பளம் கம்மி" என்று 14 வயது நிரம்பாத சிறுமியை வைக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். அவளும் ஒரு குழந்தையே.

முடிவாக

வீட்டில் ஒரு பிள்ளைக்கு என்றால், பொறுமையும் பழக்கமும் உள்ளவரை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். பல பிள்ளைகள் இருக்கும் காப்பகத்தில், பயிற்சி பெற்றவர் ஒருவராவது எந்நேரமும் இருக்க வேண்டும். தெரியாதவருக்குக் கற்றுத்தரலாம். "எனக்கு எல்லாம் தெரியும்" என்று சொன்னதைக் கேளாதவரை, எத்தனை படித்திருந்தாலும், எத்தனை பிள்ளை வளர்த்திருந்தாலும், வைக்காதீர்கள்.

நீங்கள் வைத்த ஆயாவை உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைக்கும் முறையை அங்கேயே செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.