தொழில் மாறுவார்க்குப் பழவேற்காட்டில் ஒரு பாடம்

தகவல் தொழில்நுட்பத்துறையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தோருட் சிலர், நடுவயதில் அதனை விடுத்து நிதித்தொழிலிற் புக விரும்புகின்றனர். நம் மாணவருள்ளும் பிற்காலத்தில் இவ்வெண்ணம் கொள்வார் இருத்தல் கூடும். ஆதலின், அத்தகையார் உடன்கொண்டு செல்லத்தக்கது யாது, புதிதாய்க் கற்கவேண்டுவது யாது என ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கொண்டு செல்லத்தக்கது சிறிதன்று. வங்கிக்கு மென்பொருள் எழுதியவர், வட்டி நாள்தோறும் ஏறும் வகையையும், ஒரு சிறு பிழை எத்துணைக் கணக்குகளைக் கெடுக்கும் என்பதையும் அறிவர். கணக்குப்பதிவையும் இருப்புநிலைக் குறிப்பையும் மாலை வேளைகளிற் பயின்றுகொள்ளலாம். செபி 2006-ஆம் ஆண்டில் நிறுவிய என்.ஐ.எஸ்.எம். நிறுவனத்தின் சான்றுத் தேர்வுகளும் உள. சி.எஃப்.ஏ. என்னும் பட்டயமோ மூன்று படிகளையுடையது. ஆண்டுகள் சில கேட்பது. மனையும் மக்களும் உடையார், சம்பளத்தை முன்னர் விட்டுப் பின்னர்ப் பயிலத் தொடங்குதல் தகாதென்பதே நம் கருத்து.

இவை எவரும் கூறுவன. ஏட்டில் எளிதிற் கிட்டாத பகுதி ஒன்றுண்டு. அதனை அறியச் சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரிலுள்ள பழவேற்காட்டு ஏரிக்கரைக்குச் செல்வோம்.

இவ்வூர்க்கும் நிதித்தொழிற்கும் உறவு பழையது. 1602-இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகளே ஆம்ஸ்டர்டாமிற் கைமாறி, இன்றைய பங்குச்சந்தைக்கு வழிகோலின. அக்கம்பெனி 1613-இல் இங்கே கெல்திரியாக் கோட்டையை நிறுவிற்று. 1690-இல் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரை வாணிகத்தை இவ்வூரிலிருந்தே பெரிதும் நடத்திற்று. இங்குக் கொண்ட துணியைக் கொடுத்துக் கீழைத்தீவுகளில் வாசனைப்பொருள் கொண்டனர். துணிப்பொதிகளோடு, அடிமைகளாக விற்கப்பட்ட மனிதரும் இத்துறையினின்று கப்பலேற்றப்பட்டனர். அவர்களும் கணக்கேட்டில் ஓர் இனமே. கூட்டல் கழித்தலிற் பிழை இருந்திராது!

இனி மீனவர் வழக்கிற்கு வருவோம். ஏரி கடலொடு கலக்கும் முகத்துவாரத்தையொட்டிய இடங்களில் இறால் மிகுதி. வேறு சில இடங்களில் வலை வெறிதே மீள்வதுமுண்டு. வலியாரே நல்லிடத்தைக் கைக்கொள்ளாவண்ணம், ‘பாடு’ என்னும் முறைப்படி, உரிமையுடையார் சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் இடங்களைப் பகிர்ந்துகொள்வர். இன்று வளமான இடம் வாய்த்தவர் பிறிதொரு நாள் வறிய இடம் செல்வர். இலங்கையின் நீர்கொழும்பிலும் இத்தகைய வழக்குண்டு. இடரைப் பகிர்தல் என்று நிதிநூலார் அதிகாரம் வகுத்துக் கூறுவது இதனையே. பாட்டுரிமை இல்லாதார் புறத்தே நின்று மனம் புழுங்குதலையும் நாம் மறைத்தல் கூடாது.

கடன் வழக்கு இதனினும் நுட்பமானது. படகிற்கும் வலைக்கும் மீன் வியாபாரி முன்பணம் தருவார். பல விடத்து வட்டி என்று ஒன்றும் கேளார். பிடித்ததை அவருக்கே, அவர் வைக்கும் விலைக்கே கொடுத்தல் வேண்டும். மென்பொருளில் இக்கடனின் வட்டி சுழியம் என்றே பதிவாகும். உண்மை யாது? எடுத்துக்காட்டாக, முன்பணம் 1,00,000 ரூபாய். கிலோவிற்குச் சந்தைவிலையினும் 40 ரூபாய் குறைவு. நாளொன்றுக்கு 5 கிலோ. ஆண்டில் 200 நாள் எனக் கொள்வோம். குறைந்த தொகை 40,000 ரூபாய். அஃதாவது, நூற்றுக்கு நாற்பது வட்டி. முதலோ அப்படியே நிற்கும்.

இதுகேட்டு, மீனவர் ஏமாளிகள் என முடிவுகட்டிவிடல் எளிது. ஆயின், முகத்துவாரம் மணலால் அடைபட்டு ஏரி வற்றுங் காலத்தும், புயற்காலத்தும் வியாபாரி தவணை கேட்பதில்லை, பிடிப்பில்லையேற் கழிவுமில்லை. அரிசிக்கும் மருந்திற்கும் மேலும் சிறிது கொடுப்பதும் உண்டு. மாதந்தோறும் ஒரே தொகையைக் குறித்த நாளிற் கேட்கும் கடனோ வட்டி குறைந்ததாயினும், மீனில்லாத திங்களில் வலையையே விற்கச் செய்யும். எனவே, அம்மீனவர் மிகை விலை கொடுத்து வாங்குவது பொறுத்திருக்கும் காலத்தை. இவ்விரண்டற்கும் இடையே, பிடிப்பு மிக்க மாதத்தில் மிகுதியும், குறைந்த மாதத்திற் குறைவும் செலுத்தத்தக்க ஒரு கடனை வகுத்தல் இயலாததன்று. அதற்குரிய கணக்கைத் தொழில் மாறி வருபவர் ஓரிரவில் எழுதிவிடுவர். எத்திங்களில் எவ்வளவு பிடிப்பு, எவர் சொல் நம்பத்தக்கது, எந்த வீட்டில் நோயாளி உளர் என்பவற்றையோ கரையில் நின்று கேட்டே அறிதல் வேண்டும்.

ஆதலின், மாற விரும்புவார் முதல் ஆண்டிற் சம்பளம் குறைந்ததாயினும், கடன் பெறுவாரை நேரிற் காணும் வேலையைக் கேட்டுப் பெறுக. கோடையில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும் அதே வீட்டிற்குச் சென்று பார்க்க.