வளரும் நாடும் வளரும் பெண்ணும்

நம் பாரதத்தை 'வளரும் நாடு' என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. வறுமை, கல்லாமை, வேலையின்மை ஆகியவை இத்தகைய நாடுகளை வாட்டும் நோய்கள் என்று சமூக அறிவியல் வகுப்பில் படிக்கிறோம். இவை தனித்தனி நோய்கள் அல்ல, ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதை நான் எங்கள் தெருவிலேயே கண்டேன்.

எங்கள் நெட்டப்பாக்கம் நெல்லும் கரும்பும் விளையும் ஊர். நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. அடுத்த வீட்டு அக்கா ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் படித்து வந்தாள். செவிலியாக வேண்டும் என்பது அவள் ஆசை. திடீரென்று தந்தை நோயில் படுத்தார், கடன் ஏறியது. தாய் கழனிக்குப் போனால் தம்பி தங்கையரைப் பார்க்க ஆள் வேண்டுமே! அக்காவின் புத்தகப்பை ஆணியில் தொங்கியது. சில மாதங்களில் அவளும் களை எடுக்கப் போனாள். அந்தக் கூலி அன்றைய அடுப்பை எரித்தது. ஆனால் செவிலியர் படிப்புக்கு மேல்நிலைக் கல்வி தேவை. இவ்வாறு இன்றைய வறுமை நாளைய வறுமைக்கு விதையாயிற்று.

நாடு முன்னேறவில்லை என்று சொல்ல முடியாது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்த இந்தியப் பெண்கள் நூற்றுக்கு 9 பேருக்கும் குறைவு. 2011இல் இது ஏறத்தாழ 65 ஆயிற்று. புதுச்சேரியிலோ 80ஐத் தாண்டியது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை உணர்ந்த காமராசர் 1956இல் தமிழகத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது.

ஆனால் எனக்கு வயது 15! கழனி வேலையும் திருமணப் பேச்சும் பெண்ணைத் தேடி வரும் வயதில், சட்டம் தன் கையை விட்டுவிடுகிறது.

இதற்கு வழி இல்லையா? உண்டு. அண்டை நாடான வங்கதேசம் 1994 முதல் கிராமப்புற உயர்நிலைப் பள்ளி மாணவியருக்கு நாடெங்கும் உதவித்தொகை வழங்கியது. பள்ளிக்கு ஒழுங்காக வர வேண்டும், மணம் செய்துகொள்ளக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகளுள் சில. மாணவியர் தொகை பெருகியது. நம் ஊர்களிலும் சட்டத்தின் வயது வரம்பு 18 ஆக உயர வேண்டும். பால்வாடி மாலை வரை திறந்திருந்தால், தங்கையைத் தூக்கிக்கொண்டு வீட்டில் நிற்கும் அக்காமார் பள்ளிக்கு வருவர்.

பெற்றோரே, வீட்டில் பணமுடை வரும்போது முதலில் மகளின் படிப்பை நிறுத்தாதீர்கள். தோழியரே, நின்றுவிட்ட தோழியை மறந்துவிடாதீர்கள். அக்கா இப்போது தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடிவு செய்திருக்கிறாள். இரவு வேளைகளில் என் குறிப்பேடுகள் அவள் கையில் இருக்கின்றன.

1954இல் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து மூவண்ணக் கொடி பறந்த மண் எங்கள் மண். அறியாமையிலிருந்தும் இந்த மண் விடுதலை பெற வேண்டும். பெண் வளர்ந்தால் வீடு வளரும். வீடு வளர்ந்தால் நாடு வளரும்!

– பத்தாம் வகுப்பு மாணவி, நெட்டப்பாக்கம்